ஃபினைட் எலிமென்ட் 31 என்கிறது, சுத்தியல் 24.5 என்கிறது: செங்குத்துப் பம்பின் அதிர்வு

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கங்க. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு செங்குத்து டர்பைன் பம்ப் பத்து நாளாக என்னைப் படுத்துகிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆற்று நீர் எடுக்கும் நிலையம். 250 கிலோவாட் மோட்டார், எடை 1800 கிலோ, ஓட்டம் நிமிடத்துக்கு 1480 சுற்று, அதாவது 24.7 ஹெர்ட்ஸ். மோட்டார் டிஸ்சார்ஜ் ஹெட்டின் (நீர் பக்கவாட்டில் வெளியேறும் வார்ப்புப் பகுதி, சுருக்கமாக ஹெட்) மேல் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரின் மேல் பேரிங்கில் 11.8 மி.மீ./விநாடி அதிர்வு. டெலிவரி பைப் போகும் திசையில் குறைவு. அதற்குக் குறுக்காக, தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டைத் திருகக் கைவிடும் ஜன்னல்கள் இருக்கும் திசையில்தான் இவ்வளவும்.

கம்ப்யூட்டரில் ஃபினைட் எலிமென்ட் மாடல் (பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) போட்டு, அது இயல்பாக அதிரும் அதிர்வெண்களைத் தேடும் மோடல் அனாலிசிஸ் செய்தோம். ஜன்னல் திசையில் முதல் மோட், அதாவது முதல் இயல்பு அதிர்வு, 31.0 ஹெர்ட்ஸ். ஓட்ட வேகத்தை விட 25 சதவீதம் மேலே, எனவே பாதுகாப்பு என்று வரைபடத்தை அனுப்பினோம். தளத்தில் பம்பை நிறுத்திவிட்டு ரப்பர் தலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் 24.5!

மெஷ்ஷில்தான் (துண்டுகளின் வலையில்) தப்பு என்று நினைத்து 40 ஆயிரம் நோடை (வலையின் முடிச்சுப் புள்ளிகளை) 3 லட்சமாக்கினேன். 30.8 வந்தது. கணக்கைத் தீர்க்கும் முறையை (சால்வர்) லான்சோஸிலிருந்து சப்ஸ்பேஸுக்கு மாற்றினேன். அதே 30.8. மேனேஜர் இன்னும் நுணுக்கமாக மெஷ் போடச் சொல்கிறார். எங்கே தேடுவது?

மூன்றாம்_மோட்

மெஷ்ஷை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வழக்கமான ஃபினைட் எலிமென்ட், கன்சிஸ்டென்ட் மாஸ் மேட்ரிக்ஸ் (நிறையை எலிமென்ட் முழுவதும் பரப்பிக் கணக்கிடுவது) என்றால், கிடைக்கும் அதிர்வெண் அந்த மாடலின் உண்மையான விடைக்கு மேலேதான் நிற்கும். இது ராலே 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய விஷயம். பொருள் எப்படி வளையும் என்று நாம் ஓர் உருவத்தை ஊகித்தால், அந்த ஊகம் பொருளின் மேல் ஒரு கட்டுப்பாடாக விழுகிறது. கட்டுப்பட்ட பொருள் கூடுதல் விறைப்பாகத் தெரியும். மெஷ்ஷைப் பொடியாக்கினால் கட்டுப்பாடு தளரும், எண் இறங்கும். உங்கள் 31.0 இறங்கி 30.8 ஆனது அப்படித்தான். இன்னும் பத்து மடங்கு பொடியாக்கினாலும் தசமத்தில்தான் அசையும். 24.5க்கு வரவே வராது.

லம்ப்டு மாஸுக்கு (நிறையை நோடுகளில் குவித்துக் கணக்கிடுவது) இந்த உத்தரவாதம் கிடையாது. கையால் போட்டுப் பார்க்க ஓர் உதாரணம். ஒரு முனை பிடித்த சீரான கம்பியின் முதல் அதிர்வெண்ணில் வரும் கெழு 3.516. ஒரே ஒரு பீம் எலிமென்ட், கன்சிஸ்டென்ட் மாஸ் என்றால் 3.533. அரை சதவீதம்தான் அதிகம். அதே ஒரு எலிமென்டில் பாதி நிறையைக் கொண்டுபோய் நுனியில் குவித்தால் 2.449, முப்பது சதவீதம் குறைவு. எண் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதே நாம் என்ன செய்தோம் என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் கன்சிஸ்டென்டில் இரண்டாம் மோடைக் கேட்டால் 22.03க்குப் பதில் 34.8 வரும். ஒரு எலிமென்ட் முதல் மோடுக்கு மட்டும்தான் போதும்.

லான்சோஸ், சப்ஸ்பேஸ் இரண்டும் ஒரே மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்பை, அதாவது அதிர்வெண்ணைத் தரும் எண்ணை, தேடும் இரண்டு பாதைகள். ஒரே விடை வந்தது நல்லதுதான். சால்வர் தப்பில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நீங்கள் கொடுத்த மேட்ரிக்ஸ் உங்கள் பம்பா என்று எந்தச் சால்வருக்கும் தெரியாது.

அடியில் என்ன எல்லை நிபந்தனை கொடுத்தீர்கள்?

நொய்யல்கரை

பேஸ் பிளேட்டின் அடிப்பரப்பு முழுவதும் ஃபிக்ஸ்டு, அக்கா. மோட்டாரை ஈர்ப்பு மையத்தில் ஒரு நிறையாக வைத்தேன். மோட்டார் தரவுத்தாளில் அதன் ரீட் அதிர்வெண் (விறைப்பான தளத்தில் மோட்டார் மட்டும் நின்றால் வரும் இயல்பு அதிர்வெண்) 55 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் சேர்த்தேன். அதற்கு முன், மோட்டாரை விறைப்பான கட்டையாக வைத்தபோது 37.5 வந்தது.

திருகாணி

நானும் இதே தொழில்தான். மோடல் வேண்டாம், நேரே டிரான்ஸியன்ட் (நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி அசைவைக் கணக்கிடுவது) ஓட்டுங்கள். சமநிலைக் குறைவின் விசையை 24.7 ஹெர்ட்ஸில் கொடுத்து, நியூமார்க் முறையில் சராசரி முடுக்கம் வைத்து ஓட்டினால் நிஜத்தில் எவ்வளவு ஆடும் என்றே தெரிந்துவிடும். நான் 0.005 விநாடிப் படியில் ஓட்டுவேன். அந்த முறை எந்தப் படிக்கும் கலையாது, எனவே கவலையில்லை.

மூன்றாம்_மோட்

திருகாணி, இந்த இடத்தில் உறுதியாக மறுக்கிறேன். பலரும் இதில் விழுவதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1959இல் நியூமார்க் கொடுத்த முறைக் குடும்பத்தில் சராசரி முடுக்கம் என்ற வகை எந்தப் படிக்கும் வெடிக்காது என்பது உண்மை. ஆனால் கணக்கு வெடிக்காமல் இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. அந்த முறை வீச்சைக் குறைக்காது, அலைவுக் காலத்தை நீட்டிவிடும். 24.5 ஹெர்ட்ஸ் மோடுக்கு ஒரு சுற்று 0.041 விநாடி. 0.005 படி என்றால் ஒரு சுற்றுக்கு எட்டே புள்ளி. காலம் ஐந்து சதவீதம் நீளும். உங்கள் கணக்குக்குள் இருக்கும் பம்ப் 24.5இல் பாடாது, 23.4இல் பாடும்.

விளைவைப் பாருங்கள். தணிப்பு (அதிர்வைத் தானே அடக்கும் தன்மை) 2 சதவீதம் என்று வைத்தால், 24.5 மோடை 24.7இல் தள்ளும்போது பெருக்கம் சுமார் 23 மடங்கு. 0.005 படியில் ஓட்டினால் ஏழரை மடங்குதான் காட்டும். ஒத்ததிர்வையே மூன்றில் ஒரு பங்காக்கிக் காட்டிவிட்டு, எந்த எச்சரிக்கையும் தராமல் கணக்கு முடியும். ஒரு சுற்றுக்கு எட்டுப் புள்ளி என்பது நிலநடுக்கக் கணக்குக்கும்கூடக் குறைவு. இங்கே அரை ஹெர்ட்ஸ் வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

அதோடு, இந்தக் கேள்விக்கு டிரான்ஸியன்ட் தேவையே இல்லை. விசை ஒரே அதிர்வெண்ணில், நிலையாக வருகிறது. மோடுகளின் பங்கைக் கூட்டி (மோடல் சூப்பர்பொசிஷன்), ஒரே அதிர்வெண் விசைக்கான ஹார்மோனிக் அனாலிசிஸ் போட்டால் போதும். ஸ்டார்ட் ஆகும்போது, வால்வு மூடும்போது, ஷார்ட் சர்க்யூட் டார்க் வரும்போது டிரான்ஸியன்ட் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நீங்கள் கவலைப்படும் மிக உயர்ந்த மோடின் ஒரு சுற்றுக்கு இருபது படியாவது விடுங்கள்.

திருகாணி

சரிங்க அக்கா, ஏற்கிறேன். 0.001 படியில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், வீச்சு ஏறிவிட்டது. பழைய இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து மறுபடி ஓட்டுகிறேன்.

சுத்தியல்_சோதனை

தம்பி நொய்யல்கரை, முப்பது வருடமாகத் தளத்தில் அதிர்வு பார்க்கிறவன். இரண்டு கேள்வி. ஒன்று, தட்டியபோது எத்தனை விநாடி பதிவு எடுத்தீர்கள்? இரண்டு, அந்த நிலையத்தில் ஒரே பம்ப்தானா?

முதல் கேள்வி எதற்கென்றால், ஒரு விநாடி பதிவு என்றால் எஃப்எஃப்டி (பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) கோடுகள் ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் விழும். 24, 25 என்று இரண்டு கோடு. நடுவில் 24.5 என்று சொல்ல அதற்கு வழியில்லை. தணிப்பு 2 சதவீதமானால் சிகரத்தின் அகலமே கிட்டத்தட்ட ஒரு ஹெர்ட்ஸ். எட்டு விநாடியாவது வேண்டும். அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்று எக்ஸ்பொனென்ஷியல் விண்டோ (பதிவின் வாலைப் படிப்படியாகக் குறைப்பது) போட்டால், விண்டோவே ஒரு தணிப்பைச் சேர்த்துவிடும். அதைக் கழிக்காமல் தணிப்பு விகிதம் எழுதக்கூடாது.

நொய்யல்கரை

எட்டு விநாடி, ஐந்து தட்டின் சராசரி, சார். 24.5 உறுதி. டெலிவரி பைப் திசையில் தனியாகத் தட்டினோம், அது 33. பக்கத்துப் பம்ப் எதுவும் அப்போது ஓடவில்லை.

மொத்தம் மூன்று பம்ப். ஒரே வரைபடம். 1, 3 இரண்டிலும் அதிர்வு 4க்குள். 2ஆம் நம்பர்தான் ஆடுகிறது.

சுத்தியல்_சோதனை

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. ஒரே வரைபடம், ஒரே வார்ப்பு, ஒன்று மட்டும் ஆடுகிறதென்றால் கோளாறு வரைபடத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. பேஸ் பிளேட்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். 1ஆம் நம்பரையும் தட்டி எண்ணைச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் ஒரு கணக்கு தருகிறேன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் என் குரு சொல்லிக்கொடுத்தது.

மோட்டாரை ஹெட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தன் எடையாலேயே எத்தனை மி.மீ. தொங்கும்? 248.5ஐ அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த மி.மீ. வந்துவிடும். ஒரே நிறை, அதற்குக் கீழே ஸ்பிரிங் என்ற எளிமையில் இது சரி. ஹெட்டின் எடை மோட்டாரின் எடைக்கு முன் சிறிது என்பதால் இங்கே பொருந்தும்.

மோட்டார் மட்டும், 55 ஹெர்ட்ஸ்: 0.082 மி.மீ.
ஹெட் மட்டும், 37.5 ஹெர்ட்ஸ்: 0.177 மி.மீ.
இரண்டும் சேர்ந்து 0.259. அதைத் திருப்பினால் 31 ஹெர்ட்ஸ். உங்கள் கம்ப்யூட்டர் சொன்னது இதையேதான். அது பொய் சொல்லவில்லை.

தளத்தில் 24.5. அதற்கு 0.414 மி.மீ. தொங்க வேண்டும். மீதி 0.155 எங்கிருந்து வந்தது? நீங்கள் ஃபிக்ஸ்டு என்று எழுதிய இடத்திலிருந்து.

மூன்றாம்_மோட்

இந்தக் கூட்டல் மிகவும் பிடித்தது, சார். 1894இல் சுழலும் தண்டுகளுக்கு டங்கர்லி போட்ட சூத்திரத்தின் அதே வடிவம். அதிர்வெண்களின் வர்க்கங்களைத் தலைகீழாக்கிக் கூட்டுவது. டங்கர்லி பல நிறைகளைக் கூட்டினார், நீங்கள் பல ஸ்பிரிங்குகளைக் கூட்டுகிறீர்கள். நிறை ஒன்றே என்றால் இந்தக் கூட்டல் தோராயம்கூட இல்லை, துல்லியம்.

ஆனால் ஒரு தயக்கம். அடியில் ஒரு சுழல் ஸ்பிரிங் வைத்து, 24.5 வரும்வரை அதைத் திருகினால் எந்த மாடலும் பொருந்திவிடும். ஓர் எண்ணைப் பொருத்த ஒரு குமிழ் எப்போதும் போதும். பொருந்தியதாலேயே காரணம் அஸ்திவாரம் என்று ஆகிவிடாது. ஹெட்டின் வார்ப்பில் சுவர் மெலிந்திருந்தாலும், மோட்டார் ஃபிளேஞ்ச் சரியாக உட்காராமல் இருந்தாலும் இதே 24.5 வரலாம். வேறொரு அளவீடு வேண்டும்.

தூண்நிழல்

சிவில்காரன் நான். அஸ்திவாரம் என்றதும் மண்ணையும் பைலையும் (மண்ணுக்குள் இறக்கிய தூண்) சேர்த்து முழு மாடல் போடச் சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். ஒரே கான்கிரீட் தளத்தில் மூன்று பம்ப் நிற்கிறது, ஒன்றுதான் ஆடுகிறது என்றால் மண்ணில் தேடுவது வீண். மண் மூன்றுக்கும் ஒன்றுதான். தளத்துக்கும் பேஸ் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் 40, 50 மி.மீ. கிரவுட்டை (இடைவெளியை நிரப்ப ஊற்றி இறுகவிடும் கலவை) பாருங்கள். கிரவுட் ஊற்றும்போது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி எதிர்ப்பக்கம் வழியும்வரை விடவேண்டும். இரண்டு பக்கமும் அவசரமாக ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். காய்ந்தபின் மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சின்னச் சுத்தியலால் பிளேட்டைத் தட்டிக்கொண்டே போனால், வெற்றிடத்தின் மேல் ஒலி பானையைத் தட்டியது போல மாறும்.

நொய்யல்கரை

அக்கா கேட்ட இரண்டாவது அளவீட்டை எப்படி எடுப்பது?

சுத்தியல்_சோதனை

செயின் பிளாக்கும் இரண்டு டயல் கேஜும் போதும். 0.001 மி.மீ. படிக்கும் டயலாக இருக்கட்டும், 0.01 டயல் இதற்கு ஆகாது. மோட்டாரின் ஈர்ப்பு மைய உயரத்தில் பெல்ட் கட்டி, நடுவில் தராசு மாட்டி, ஜன்னல் திசையில் 360 கிலோ இழுங்கள். அது மோட்டார் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே எல்லா மி.மீ.யும் ஐந்தில் ஒரு பங்காக வரவேண்டும். மோட்டாரில் 0.083 வந்தால் தட்டிப் பார்த்ததும் இழுத்துப் பார்த்ததும் ஒன்றுக்கொன்று சாட்சி.

முக்கியம்: பேஸ் பிளேட்டின் இரு ஓரத்திலும் டயல் வையுங்கள். டயல் ஸ்டாண்ட் அந்தப் பம்பின் மேடையில் நிற்கக்கூடாது, தனியே இருக்கவேண்டும். மேடையே சாய்ந்தால் டயலும் கூடவே சாய்ந்து ஒன்றும் காட்டாது. இழுக்குமுன் போல்ட் எல்லாம் டார்க் சரிபார்த்து, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

நொய்யல்கரை (ஆறு நாள் கழித்து)

தளத்துக்குப் போய்வந்தேன். எண்கள் இதோ.

1ஆம் பம்ப் தட்டியதில் 28.1 ஹெர்ட்ஸ். சார் கணக்கில் 0.315 மி.மீ. மோட்டாரும் ஹெட்டும் 0.259 எடுத்துக்கொண்டால் அஸ்திவாரத்துக்கு 0.056. 2ஆம் பம்பில் அதே இடத்துக்கு 0.155.

இழுப்புச் சோதனை 2ஆம் பம்பில்: மோட்டாரில் 0.085. பேஸ் பிளேட்டில் இழுக்கும் பக்கம் 0.003 கீழே அழுந்துகிறது, எதிர்ப்பக்கம் 0.012 மேலே எழும்புகிறது. இரண்டு டயலுக்கும் நடுவே 900 மி.மீ., மோட்டார் மையம் 1900 மி.மீ. உயரத்தில். 0.015ஐ 900ஆல் வகுத்து 1900ஆல் பெருக்கினால் 0.032. ஐந்தால் பெருக்கினால் 0.16! மாடலில் எதையும் திருகாமல், தனியாக அளந்து வந்த எண்.

எழும்பும் பக்கத்தில் சுத்தியலால் தட்டினேன். தூண்நிழல் சொன்ன அதே பானைச் சத்தம், கிட்டத்தட்ட பிளேட்டில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில். அந்த ஒலியைக் கேட்டபோது மனசு லேசாகிவிட்டது.

மூன்றாம்_மோட்

என் தயக்கம் தீர்ந்தது. 0.155க்கும் 0.16க்கும் உள்ள வித்தியாசம் டயலின் கடைசி இலக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் 3 மைக்ரான், மறுபக்கம் 12 என்ற ஏற்றத்தாழ்வுதான் எனக்கு முக்கியம். நல்ல அஸ்திவாரம் இரண்டு பக்கமும் சமமாக அசையும்.

இனி மாடலில் அடிப்பரப்பை ஃபிக்ஸ்டு என்று விடாதீர்கள். 1ஆம் பம்பில் அளந்த 0.056க்கு இணையான சுழல் ஸ்பிரிங்கை வழக்கமாகவே வையுங்கள். நல்ல கிரவுட்டே இவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும் மிக மதிப்பான தகவல்.

திருகாணி

மேனேஜர்கள் உடனே கேட்பது ஒன்றுதான்: கிரவுட்டைத் தொடாமல் ஹெட்டில் ரிப் வெல்டு செய்து முடிக்க முடியாதா? தளத்தில் கிரவுட் உடைப்பதென்றால் பம்பையே தூக்கவேண்டுமே.

சுத்தியல்_சோதனை

மி.மீ. கணக்கிலேயே பார்ப்போம். ஓட்ட வேகத்துக்கு மேலே 20 சதவீதம் விலக வேண்டும், அதாவது 29.6 ஹெர்ட்ஸ். மொத்தத் தொங்கல் 0.284 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். மோட்டார் 0.082 எடுக்கும், அதை நாம் தொட முடியாது. கெட்ட கிரவுட் 0.155 எடுக்கும். ஹெட்டுக்கு மிஞ்சுவது 0.047. இப்போது 0.177 எடுக்கும் ஹெட்டை நான்கு மடங்கு விறைப்பாக்க வேண்டும். ஜன்னலை அடைத்தால்கூட நடக்காது. கிளாண்டை யார் திருகுவது?

நடைமுறையில் ரிப் போட்டு 0.177ஐ 0.110க்குக் கொண்டுவரலாம். கிரவுட்டைத் தொடாவிட்டால் மொத்தம் 0.347, அதாவது 26.8 ஹெர்ட்ஸ். எட்டு சதவீத விலக்குத்தான். கிரவுட்டை மட்டும் சரிசெய்தால் 1ஆம் பம்பைப் போல 28.1, பதினாலு சதவீதம். இரண்டும் செய்தால்தான் நிம்மதி.

எதிர்ப்பக்கமாக, எடை ஏற்றிக் கீழே தள்ளலாம் என்று யாராவது சொன்னால்: 20 சதவீதம் கீழே போக 19.8 வேண்டும். அதற்கு எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகவேண்டும். மோட்டாரின் தலையில் ஒரு டன் இரும்பு வைப்பதை நான் எந்தத் தளத்திலும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தூண்நிழல்

பம்பைத் தூக்காமலும் வழி உண்டு. வெற்றிடத்தின் மேல் பிளேட்டில் துளை போட்டு, ஒரு துளையில் எபாக்ஸியைச் செலுத்தி, மற்றதில் காற்று வெளியேறி எபாக்ஸி வரும்வரை விடலாம். அழுத்தம் அதிகமானால் பிளேட்டே தூக்கிவிடும், அலைன்மென்ட் போய்விடும். அங்கேயும் ஒரு டயல் வைத்துக்கொண்டு செலுத்துங்கள். இறுகக் கொடுக்கவேண்டிய நேரத்தைக் கொடுங்கள், அடுத்த ஷிப்டிலேயே ஓட்டச் சொல்வார்கள், விடாதீர்கள்.

திருகாணி

ஒரு பக்கக் கேள்வி. தண்ணீருக்குள் தொங்கும் நீரேற்றுக் குழாயை (காலம் பைப்) மாடலில் சேர்க்க வேண்டாமா?

மூன்றாம்_மோட்

சேர்க்கவேண்டும், ஆனால் இந்த நோய்க்கு அது காரணமில்லை. தரைக்குக் கீழே உள்ள பைப்புக்குத் தனி மோடுகள் உண்டு. உள்ளே இருக்கும் நீரின் எடையும், வெளியே கூடவே தள்ளப்படும் நீரின் எடையும் நிறையில் சேரும். வறண்ட பைப்பாகக் கணக்கிட்டால் எண் மேலே போய்விடும். நீர்மட்டம் மாறினால் அந்த மோடுகளும் நகரும். ஆற்றில் நீர் ஏறும்போது மட்டும் அதிர்வு வந்தால் அங்கே தேடுங்கள்.

நொய்யல்கரை (ஐந்து வாரம் கழித்து)

எபாக்ஸி செலுத்தி ஒரு வாரம் விட்டோம். தட்டினால் 27.2. அஸ்திவாரத்தின் பங்கு 0.155லிருந்து 0.077க்கு வந்துவிட்டது, 1ஆம் பம்ப் அளவுக்கு இல்லை. பிறகு ஜன்னலின் இரு பக்கமும் ரிப் வெல்டு செய்தோம். வெல்டிங் சூட்டில் மேல் ஃபிளேஞ்ச் கொஞ்சம் கோணிவிட்டது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் முகத்தை மறுபடி கடைந்து வாங்க நான்கு நாள் போயிற்று. மாட்டித் தட்டினால் 30.4. ஓட்டிப் பார்த்ததில் 2.1 மி.மீ./விநாடி.

30.4க்கு 0.269 மி.மீ. மோட்டார் 0.082, ஹெட் 0.110, அடி 0.077. கூட்டினால் அதே 0.269. தாளில் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். ஃபினைட் எலிமென்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இனி இந்த மூன்று வரி இருக்கவேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

1, 3 பம்புகளுக்கும் ரிப் போட அனுமதி வந்திருக்கிறது. 3ஆம் நம்பரை இன்னும் தட்டவில்லை. அடுத்த செவ்வாய் போகிறேன். சார், அங்கே தட்டுமுன் டயலை முதலில் வைக்கட்டுமா, தட்டிவிட்டு வைக்கட்டுமா?

சுத்தியல்_சோதனை

முதலில் தட்டுங்கள், தம்பி. இழுத்தால் போல்ட்டும் ஷிம்மும் (இடையில் செருகும் மெல்லிய தகடு) லேசாக உட்கார்ந்துவிடும், பிறகு தட்டினால் பழைய நிலை கிடைக்காது. தட்டி, இழுத்து, மறுபடி தட்டுங்கள். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.